ஆதி தாளத்தை ஸ்டாஃபில் எழுதினால் பார் கோடு எங்கே விழ வேண்டும்?

கர்நாடக உருப்படி ஒன்றை ஸ்டாஃப் நொட்டேஷனில் (ஐந்து கோட்டு மேற்கத்திய முறையில்) எழுதி, வயலின், செல்லோ, கீபோர்டு வாசிக்கும் நண்பர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்றால் எல்லோரும் முதலில் கவலைப்படுவது கமகத்தைப் பற்றித்தான், அதாவது சுரத்தை அசைத்து இழைப்பதைப் பற்றி. அது நியாயமான கவலை, ஆனால் கமகத்தை எப்படியும் பாடிக் காட்டித்தான் புரியவைக்கப் போகிறீர்கள். பாடிக் காட்டியும் நேராகாத ஒன்று இருக்கிறது, அது பார் கோடு, எண்ணிக்கையைப் பார் பாராகப் பிரிக்கும் செங்குத்துக் கோடு. அதைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டால் சுரம் எல்லாம் சரியாக இருந்தும் பாட்டு வேறு ஏதோ பாட்டு மாதிரி கேட்கும், வாசிப்பவரைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் அவர் தாளில் இருப்பதைத்தான் வாசிக்கிறார்.

இந்தக் கேள்வி நேற்று வந்ததில்லை. 1893லேயே ஏ. எம். சின்னசாமி முதலியார் சென்னையில் தியாகராஜர் கீர்த்தனைகளை ஐரோப்பிய நொட்டேஷனில் அச்சிட்டிருக்கிறார். எட்டயபுரத்தில் 1904இல் சுப்பராம தீட்சிதர் வேறு வழியில் போனார்: நம் சுர எழுத்துக்களையே வைத்துக்கொண்டு கமகங்களுக்குத் தனிக் குறிகளைச் சேர்த்தார். நம் பாடப் புத்தகங்களில் இன்று இருக்கும் முறை எல்லோருக்கும் தெரியும்: அங்கம் (தாளத்தின் ஒரு பகுதி) முடிந்தால் ஒற்றைக் கோடு, ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) முடிந்தால் இரட்டைக் கோடு. பார்க்க மேற்கத்திய பார் கோடு மாதிரியே இருக்கும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் இரண்டும் செய்யும் வேலை ஒன்றில்லை.

மேற்கத்திய பார் கோடு ஒரே சமயத்தில் மூன்று வேலை பார்க்கிறது. எண்ண உதவுகிறது, கோட்டுக்கு அடுத்து வரும் சுரம் கொஞ்சம் கனமானது என்று சொல்லாமல் சொல்கிறது, பாருக்குள் இடையில் போட்ட ஷார்ப், ஃபிளாட், நேச்சுரல் (ஆக்சிடென்டல்) எல்லாவற்றையும் ரத்து செய்கிறது. நம் கோடு இதில் முதல் வேலையை மட்டும்தான் செய்கிறது. கை எங்கே தட்டுகிறது, எங்கே வீசுகிறது என்று காட்டுவதோடு அதன் பொறுப்பு முடிந்தது. சமத்தில், அதாவது ஆவர்த்தனத்தின் முதல் எண்ணிக்கையில், அழுத்திப் பாட வேண்டும் என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. பல கீர்த்தனைகளில் சமம் விழும் நேரத்தில் பாடகர் முந்தைய அட்சரத்தின் (எண்ணிக்கையின்) கார்வையில், அதாவது நீட்டலில், நின்றுகொண்டிருப்பார், அல்லது இன்னும் ஆரம்பித்தே இருக்க மாட்டார். ஆனால் கிரேடு தேர்வுக்குப் படித்து வந்த வயலின் மாணவர் கையில் அதே கோட்டைக் கொடுங்கள், வில் தானாகவே கீழ்ப்பக்கமாக இறங்கி ஒரு இடி இடிக்கும். பழக்கம் அது.

ஆகவே எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன், இந்த மூன்று வேலையில் உங்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாளத்துக்குத் தாளம் பதில் மாறும்.

ஆதியிலிருந்து தொடங்கலாம், பெரும்பாலும் கேட்பது அதைத்தான். நான்கு அட்சர லகு, இரண்டிரண்டு அட்சரமாக இரண்டு த்ருதம், மொத்தம் எட்டு. ஒரு அட்சரத்துக்கு ஒரு க்ராட்செட் (பாருக்கு எத்தனை எண்ணிக்கை என்று சொல்லும் டைம் சிக்னேச்சரில் கீழே 4) என்று வைத்தால் நம் முன்னால் நான்கு வழி இருக்கிறது: ஆவர்த்தனம் முழுவதையும் 8/4 என்று ஒரே பாராக எழுதலாம், இரண்டு 4/4 பாராக எழுதலாம், 4/4 ஒன்று 2/4 இரண்டு என்று அங்கத்துக்கு ஒரு பாராக வெட்டலாம், அல்லது 8/4க்குள்ளேயே 4+2+2 என்று புள்ளிக்கோடு போட்டுப் பிரிக்கலாம். 8/8 என்று எழுதும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் மேற்கத்திய வாசிப்பாளர் மனசில் வருவது 3+3+2, ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் பல்கேரிய நடனங்களில் கடைசியாக வருவது அந்தப் பிரிவுதான், ஆதி இல்லை.

அங்கத்துக்கு ஒரு பார் என்ற மூன்றாவது வழி, நம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அது தாளத்துக்கு விசுவாசமாகத் தெரிகிறது. எனக்குப் பிடிக்காது. காரணம், ஆதியில் இரண்டு த்ருதங்களுக்கு நடுவே உள்ள எல்லை கையில் இருக்கிறதே தவிர பாட்டில் அவ்வளவாகக் கேட்பதில்லை. காதில் விழும் எல்லை முதல் த்ருதத்தின் தொடக்கம், அதாவது ஐந்தாவது எண்ணிக்கை. பல்லவியில் அருதி, அதாவது வரியை இரண்டாகப் பிரிக்கும் நிறுத்தம், வந்து நிற்கும் இடம் அது. ஏழாவது எண்ணிக்கையில் ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் டைம் சிக்னேச்சரை இரண்டு முறை மாற்றி எழுதினால், வாசிப்பவர் இது ஏதோ பாருக்குப் பார் எண் மாறும் ஸ்ட்ராவின்ஸ்கி இசை போல என்று பயந்து எண்ண ஆரம்பிப்பார். ஆதி தாளம் எண்ணிக்கொண்டே வாசிக்க வேண்டிய தாளமா?

மீதி மூன்றில் போட்டி 4/4க்கும் 8/4க்கும்தான். 4/4இன் பலம் பழக்கம். ஸ்டுடியோ என்றால் கம்ப்யூட்டரில் கிளிக் பெரும்பாலும் 4/4இல்தான் ஓடிக்கொண்டிருக்கும், தாளில் இருக்கும் பார் எண்ணும் திரையில் இருக்கும் பார் எண்ணும் ஒன்றாக இருந்தால் பாதி வாக்குவாதம் மிச்சம். இன்னொன்று, பார் கோடு விழும் இடம் சமமும் அருதியும், இரண்டுமே இசையில் நிஜமாக இருக்கும் இடங்கள், ஆகையால் வில் கொஞ்சம் அழுத்தினாலும் பெரிய கேடு இல்லை. மூன்றாவது காரணம்தான் நான் அடிக்கடி சொல்வது, பலருக்கும் தோன்றாதது. காம்போஜி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் ராகமான ஹரிகாம்போஜியின் தாழ்ந்த நிஷாதம்தான் அதற்கு, ஆனால் 'ச நி ப த ச' என்று வரும் இடத்தில் உயர்ந்த நிஷாதமான காகலி நிஷாதம். கீ சிக்னேச்சரில் ஃபிளாட் போட்டுவிட்டு அந்த ஒரு இடத்தில் மட்டும் நேச்சுரல் போடுவீர்கள். 4/4 என்றால் அடுத்த பார் கோடு வந்ததும் அந்த நேச்சுரல் செத்துவிடும். 8/4இல் இரண்டாவது எண்ணிக்கையில் போட்ட நேச்சுரல் எட்டாவது எண்ணிக்கை முடியும் வரை உயிரோடு இருக்கும், நீங்கள் ஆறாவது எண்ணிக்கையில் வரும் நிஷாதத்துக்கு மறக்காமல் ஃபிளாட் திருப்பிப் போடவில்லை என்றால் காம்போஜி அங்கேயே வழி தவறிவிடும். புள்ளிக்கோடு போட்டாலும் இதே கதைதான். அது பாருக்குள் போட்ட ஒரு பார்வைக் கோடு மட்டுமே, ஆக்சிடென்டலை ரத்து செய்யும் அதிகாரம் அதற்குக் கிடையாது. பாஷாங்க ராகம் (இப்படி வேற்றுச் சுரம் வரும் ராகம்) எழுதுபவர்கள் இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேஜையில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் 8/4க்கு என்ன பெருமை? ரெஸ்ட். பின்னணியில் நிற்கும் செல்லோ ஆறு ஆவர்த்தனம் சும்மா இருந்துவிட்டு உள்ளே வர வேண்டும் என்றால் 4/4 தாளில் பன்னிரண்டு பார் ரெஸ்ட் என்று இருக்கும். அவர் ஒரு பார் தவறவிட்டால் எங்கே வந்து விழுவார்? சரியாக அருதியில். அரை ஆவர்த்தனம் தள்ளி. கொடுமை என்னவென்றால் அது உடனே தப்பாகக் கேட்காது, ஏதோ ஒரு மாதிரி பொருந்திப் போய்க்கொண்டே இருக்கும், மிருதங்கக்காரர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். 8/4இல் ஒரு பார் தவறினால் முழு ஆவர்த்தனம் தவறும், சமம் சமமாகவே இருக்கும், பாடகர் பார்த்துச் சமாளித்துக்கொள்வார். அப்புறம் ஒத்திகையில் பேசுவதும் எளிது, 'மூணாவது ஆவர்த்தனம்' என்று மிருதங்கம் சொன்னால் செல்லோவுக்கும் அது மூன்றாவது பார்.

என் முடிவு இதனால் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும்: மெலடி வாசிப்பவர்களுக்கு 4/4, நீண்ட ரெஸ்ட்டோடு பின்னணி வாசிப்பவர்களுக்கு 8/4. ஒரே ஸ்கோரில் இரண்டையும் கலக்க முடியாது என்பீர்கள், சரி. கலக்க வேண்டாம் என்றால் 4/4 எழுதி, வரிக்கு ஒரு ஆவர்த்தனம் என்று கண்டிப்பாக வைத்து, ஒவ்வொரு வரியின் தலையிலும் ஆவர்த்தன எண்ணைப் பெரிய எழுத்தில் போடுங்கள், பார் எண்ணைச் சின்னதாக வையுங்கள். ஒரு அட்சரத்துக்கு நாலு செமிகுவேவர் என்று ஓடும் சாதாரணக் கீர்த்தனையில் முப்பத்திரண்டு செமிகுவேவரும் அடியில் சாகித்தியமும் ஏ4 தாளின் ஒரு வரியில் கச்சிதமாக உட்காரும். இதில் இன்னொரு லாபம், ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்துவிடும், எந்த இடத்தில் சங்கதி பிரிகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. நம் புத்தகப் பழக்கத்தில் ஆவர்த்தனம் முடியும் இடத்தில் எல்லாம் இரட்டைக் கோடு போட்டுவிடாதீர்கள். ஸ்டாஃபில் இரட்டைக் கோடு என்றால் ஒரு பகுதி முடிந்தது, அடுத்து வேறு ஏதோ வரப்போகிறது என்று பொருள். ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் அதைப் பார்த்தால் வாசிப்பவர் ஒவ்வொரு முறையும் லேசாக மூச்சு விடுவார், வேகம் தளரும். பல்லவி முடிந்து அனுபல்லவி தொடங்கும் இடம், சிட்டைஸ்வரம் தொடங்கும் இடம், இவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரூபகம் வேறு விஷயம். ஆரம்பப் பாடத்தில் எல்லோரும் பாடிய மலஹரி கீதம், புரந்தரதாசருடையது, நினைவிருக்கும்: ம ப | த ச ச ரி || ரி ச | த ப ம ப ||. இரண்டு, நான்கு. ஆறு க்ராட்செட்தானே என்று 3/4 போட்டு எழுதினால் கோடு விழும் இடம் பாருங்கள்: ம ப த | ச ச ரி. ஜோடியாக நிற்க வேண்டிய மத்யமமும் பஞ்சமமும் தைவதத்தையும் இழுத்துக்கொண்டு வால்ட்ஸ் ஆடப் போய்விடும். கீபோர்டு வகுப்பில் இந்தக் கீதத்தை 3/4இல் எழுதிக் கொடுத்திருக்கும் தாள்கள் என் கண்ணில் பட்டிருக்கின்றன; குழந்தைகள் ஊம்-பா-பா என்று இடது கையும் சேர்த்து வாசிக்கிறார்கள், கேட்க ஜாலியாகக்கூட இருக்கும், ஆனால் அது ரூபகம் இல்லை. இங்கே 6/4 எழுதி இரண்டுக்குப் பிறகு புள்ளிக்கோடு போடுவதுதான் சரியான வழி. ஆதியில் வேண்டாம் என்று சொன்ன புள்ளிக்கோட்டை இங்கே ஏன் கேட்கிறேன் என்றால், ரூபகத்தின் அந்தப் பிரிவு இசையிலேயே கேட்கிறது, அதோடு 6/4 என்று சும்மா விட்டால் வாசிப்பவர் தன்னிச்சையாக 3+3 என்று பிரித்துக்கொள்வார். எதிர்மறையாகப் போகும் பழக்கத்தை உடைக்கத்தான் புள்ளிக்கோடு. கச்சேரியில் ரூபகத்தை இரண்டு தட்டு ஒரு வீச்சு என்று மூன்றாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நாலு மாத்திரை வைத்துப் பாடும் கீர்த்தனைகள் நிறைய; அவற்றுக்கு 3/4 தாராளமாக எழுதலாம், அங்கே அது பொருந்தும்.

இதற்கு நேர் எதிரான வழக்கு முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்கள். ஐரோப்பிய பேண்டு மெட்டுக்களுக்கு அவர் சமஸ்கிருத வரிகள் போட்டவை, 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. அவற்றை ஸ்டாஃபில் எழுத யோசிக்கவே வேண்டாம், பார் கோடு பிறந்த வீட்டுக்கே திரும்பிப் போகிறது, 'சந்ததம் பாஹிமாம்' என்றால் 3/4 போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

சாபு தாளங்கள்தான் எழுத இனிமையானவை, ஏனென்றால் மேற்கில் இதற்கு ஏற்கனவே வழி இருக்கிறது. மிஸ்ர சாபு மூன்றும் நான்கும், தட்டும்போது 3+2+2. கண்ட சாபு 2+3. பார்டோக் 'மிக்ரோகோஸ்மோஸ்' தொகுப்பின் கடைசி ஆறு துண்டுகளில் டைம் சிக்னேச்சரையே உடைத்து எழுதியிருக்கிறார், மேலே 4+2+3 கீழே 8, அடுத்ததில் 2+2+3 கீழே 8 என்று. அந்த மாதிரி 3+2+2 கீழே 8 என்று தலையில் ஒரே ஒரு முறை எழுதிவிட்டு, உள்ளே கோடு எதுவும் போடாமல், குவேவர்களைக் கட்டும் பீம் கோட்டையே மூன்று, இரண்டு, இரண்டாகப் பிரித்தால் போதும். பீமே புள்ளிக்கோட்டின் வேலையைச் செய்துவிடுகிறது. 3/8 ஒரு பார், 4/8 ஒரு பார் என்று மாற்றி மாற்றி எழுதும் ஆட்களும் உண்டு. அதில் பக்கம் முழுக்க எண்களாக நிறைந்து சுரத்தைத் தேட வேண்டியிருக்கும், நாலு எண்ணிக்கைக்குப் போகும் முதல் சுரம் ஒவ்வொரு முறையும் சமம் மாதிரி அழுத்தப்படும், ஏழு ஏழாக ஓட வேண்டியது நொண்டும். விலோம சாபு என்றால் எண்ணைத் திருப்பி 2+2+3, அவ்வளவுதான்.

கண்ட சாபுவுக்கு உள்கோடு தேவையே இல்லை என்பது என் கருத்து. சாய்கோவ்ஸ்கி 1893இல் தன் ஆறாவது சிம்பொனியின் இரண்டாம் பகுதி முழுவதையும் வெறும் 5/4 என்று எழுதி விட்டுவிட்டார், மெட்டு 2+3 என்று தானே சொல்லிக்கொண்டு போகிறது. ஐந்து என்பது ஒரே பார்வையில் கண்ணுக்குள் அடங்கும் அளவு.

பதினாலு அடங்காது. கண்ட ஜாதி அட தாளம் 5+5+2+2, பைரவியில் 'விரிபோணி' வர்ணம் பாடிய எல்லோருக்கும் தெரியும். 14/4 என்று ஒரு பார் எழுதினால் வரி கொள்ளாது, நடுவில் உடைந்து அடுத்த வரிக்குப் போகும், அதைவிடக் கெட்டது எதுவுமில்லை. இங்கே மட்டும் நான் ஆதியில் ஒதுக்கிய அங்கத்துக்கு ஒரு பார் முறைக்கு வருகிறேன்: 5/4, 5/4, 4/4 என்று மூன்று பார், கடைசி இரண்டு த்ருதமும் ஒரே 4/4க்குள். டைம் சிக்னேச்சர்களை முதல் வரியின் தலையில் சேர்த்து ஒரே முறை எழுதிவிட்டால் பிறகு திரும்பத் திரும்பப் போட வேண்டியதில்லை, வாசிப்பவருக்கு ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும். சதுஸ்ர ஜாதி துருவ தாளமும் பதினாலுதான், ஆனால் 4+2+4+4. இரண்டையும் 14/4 என்றோ 7/4 இரண்டு என்றோ எழுதிவிட்டால் தாளில் இரண்டும் ஒரே தாளம் ஆகிவிடும். எண்ணிக்கை ஒன்று, பிரிவு வேறு, அதைச் சொல்ல இந்தக் கோடு ஒன்றுதான் இருக்கிறது.

எடுப்புக்கு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்துக்கு, வருவோம். எழுதுபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. அனாகத எடுப்பு, அதாவது சமம் விழுந்த பிறகு பாட்டு தொடங்குவது, தேசாதி உருப்படிகளில் ஒன்றரை எண்ணிக்கை கழித்து. மேற்கத்தியப் பழக்கத்தில் ஊறியவர்கள் இதை அப்-பீட் என்று நினைத்து, பாட்டு தொடங்கும் இடத்திலிருந்து ஒரு குறைப் பார் எழுதி, முதல் நல்ல கனமான சுரம் வரும் இடத்தில் முதல் முழு பாரைத் தொடங்கிவிடுகிறார்கள். தாளம் அதோடு போச்சு. பார் கோடு சமத்தில்தான் இருக்க வேண்டும், முதல் பாரில் ஒன்றரை எண்ணிக்கைக்கு ரெஸ்ட் எழுதுங்கள், அந்த மௌனமும் பாட்டில் சேர்த்தி. குறைப் பார் எழுத உரிமை உள்ளது அதீத எடுப்புக்கு மட்டும், அங்கே நிஜமாகவே சமத்துக்கு முன்னால் பாட்டு தொடங்குகிறது. அனாகதத்தில் முதல் சொல் பாரின் நடுவில் வருவதால் வயலின்காரர் அதைக் கனமில்லாமல் வாசிக்கப் பார்ப்பார், சாகித்தியத்தின் முதல் எழுத்து அமுங்கிப் போகும், ஆகவே அந்தச் சுரத்தின் மேல் ஒரு சின்ன டெனூட்டோ கோடு (சுரத்தை நிறுத்தி வாசிக்கச் சொல்லும் குறி) போட்டு வையுங்கள். பார் கோட்டை நகர்த்துவதைவிட ஒரு குறி சேர்ப்பது மலிவு.

கணக்காக வந்து சமத்தில் முடியும் கோர்வையிலும் இதே சபலம் வரும். கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆதியில் ஒரு ஆவர்த்தனம், அட்சரத்துக்கு நாலாக, முப்பத்திரண்டு மாத்திரை. ததிகிணதோம் என்ற ஐந்து மாத்திரைச் சொற்கட்டு மூன்று முறை, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை: 5+2+5+2+5, மொத்தம் பத்தொன்பது. அடுத்த சமத்தில் வந்து முடிய வேண்டும் என்றால் பதின்மூன்று மாத்திரை கழித்துத் தொடங்க வேண்டும், அதாவது நாலாவது எண்ணிக்கையின் இரண்டாவது செமிகுவேவரில். 4/4 தாளில் முதல் ததிகிணதோமின் மூன்று எழுத்து கோட்டுக்கு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது, இதை 5/16, 2/16, 5/16 என்று சொற்கட்டுக்கு ஒரு பாராக வெட்டினால் எவ்வளவு அழகு என்று தோன்றும்.

அப்படி வெட்டுவதா வேண்டாமா என்று மேற்கிலும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்', 1913இல் பாரிஸில் முதலில் அரங்கேறியது, அதன் கடைசிப் பலி நடனத்தில் பாருக்குப் பார் டைம் சிக்னேச்சர் மாறும். இசைக்குழு நடத்துநர் கூஸவிட்ஸ்கி அதை நடத்தத் திணறியபோது நிக்கோலஸ் ஸ்லோனிம்ஸ்கி கோடுகளை எல்லாம் நகர்த்தி எளிமையாக்கிக் கொடுத்தார், பிறகு இன்னொரு நடத்துநரான பெர்ன்ஸ்டைனும் அந்தக் கோடுகளைத்தான் பயன்படுத்தினார். ஒரு சுரம் மாறவில்லை, கோடு மட்டும் மாறியது. ஸ்ட்ராவின்ஸ்கியே சும்மா இருக்கவில்லை, 1943இல் அந்த நடனத்தை மறுபடி எழுதியபோது சுர அளவுகளை இரட்டிப்பாக்கினார். ஒரு பாட்டை இயற்றியவரே இத்தனை வருஷம் கழித்துத் தாளில் அது எப்படித் தெரிய வேண்டும் என்று கையை வைத்துக்கொண்டிருந்தார் என்றால் இது சில்லறை விஷயம் இல்லை.

ஆனால் நமக்கு முடிவு எளிது, ஏனென்றால் கோர்வைக்கு அடியில் தாளம் மாறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கோர்வையின் சுவையே அது தாளத்தோடு மோதிவிட்டுக் கடைசியில் சமத்தில் வந்து சேர்வதில்தான் இருக்கிறது. சொற்கட்டுக்கு ஒரு பார் என்று வெட்டினால் மோதல் தாளிலிருந்தே காணாமல் போகும், வாசிப்பவருக்கு இது ஐந்து ஐந்தாக ஓடும் சாதாரண இசை, கை போடும் ஆளின் பக்கம் பார்க்கவே மாட்டார், கடைசிச் சமம் அவருக்கு ஒரு விசேஷமாகவே தெரியாது. கோட்டை அசைக்காதீர்கள். ஐந்தைந்து சுரங்களுக்கு மேல் ஒரு அடைப்புக் கோடு போட்டு முதல் சுரத்தில் ஒரு அழுத்தக் குறி வையுங்கள், கோட்டைத் தாண்டும் கார்வைக்கு டை (இரண்டு சுரத்தை ஒன்றாக இணைக்கும் வளைவு) போடுங்கள். நம் நொட்டேஷனில் ஒரு அரைப்புள்ளியோடு போகும் வேலைக்கு இங்கே இரண்டு சுரமும் ஒரு வளைவும் வேண்டியிருக்கிறது, எரிச்சல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த டை தொல்லையே இல்லாமல் ஒரு வழி உண்டு என்று யாராவது சொல்வார்கள்: மறுமலர்ச்சிக் காலக் குரலிசையைப் பதிப்பிக்கும்போது பார் கோட்டை ஸ்டாஃபின் மேல் போடாமல் இரண்டு ஸ்டாஃபுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் மட்டும் போடும் முறை. அந்தக் காலத்தில் பாடகர்கள் தனித்தனிப் புத்தகங்களைப் பார்த்துப் பாடினார்கள், அவற்றில் பார் கோடே கிடையாது என்பதால் பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள் கண்டுபிடித்த சமரசம் அது. குரலும் வயலினும் என்று இரண்டு வரி இருந்தால் நமக்கும் அழகாகப் பொருந்தும், கனமும் விழாது, எண்ணவும் முடியும். பழகிய ஆள் கிடைத்தால் செய்யுங்கள். கிடைப்பது அரிது.

சாஃப்ட்வேர் பற்றி இரண்டு வரி. மியூஸ்ஸ்கோர் இலவசம், பெரும்பாலோருக்கு அது போதும்; டைம் சிக்னேச்சரில் தெரியும் எண்களை 3+2+2 என்று மாற்றி எழுதலாம், பீம் பிரிவை மாற்றலாம், பாரின் நடுவில் புள்ளிக்கோடும் போடலாம். டொரிக்கோவில் இந்த வகைத் தாளங்களை நேரடியாகத் தட்டச்சு செய்தே கொடுக்க முடியும், பார் கோடு இல்லாமல் எழுதவும் விடும், நிறைய எழுதுபவர்களுக்கு அந்தக் காசு வீணில்லை. ஃபினாலேயில் பழைய கோப்புகள் வைத்திருப்பவர்கள், 2024இல் அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டார்கள் என்பதால், சீக்கிரம் வெளியே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக ஆலாபனை, விருத்தம். தாளமே இல்லாத இடத்தில் பார் கோடு போடாதீர்கள் என்பது சொல்லவே வேண்டாத விஷயம் மாதிரி தெரியும், ஆனால் சாஃப்ட்வேர் தானாக 4/4 போட்டுத் தருவதால் அப்படியே விட்டுவிடுபவர்கள் ஏராளம். பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாத்தி 1890களில் தன் பியானோத் துண்டுகளான முதல் மூன்று நாசியென்களைப் பார் கோடும் டைம் சிக்னேச்சரும் இல்லாமல்தான் வெளியிட்டார், அவற்றில் இடது கை சீராக ஓடிக்கொண்டே இருக்கும், நம் விருத்தத்தில் அதுவும் கிடையாது. ஆகவே சாகித்திய வரிக்கு ஒரு வரி ஸ்டாஃப் என்று பிரித்து, மூச்சு விடும் இடத்தில் மேலே ஒரு காற்புள்ளி போடுங்கள். பார் கோடு இல்லை என்பதால் ஆக்சிடென்டலை ரத்து செய்யவும் ஆள் இல்லை; ஒவ்வொரு சுரத்துக்கும் திரும்பத் திரும்ப அதை எழுதிவிடுங்கள், பக்கம் கருப்பாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. கூட வாசிப்பவர் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு வரியின் அடியிலும் பாடும் சொற்கள் கட்டாயம் இருக்கட்டும். விருத்தம் முடிந்து பாட்டு தொடங்கும் இடத்தில் அந்த இரட்டைக் கோட்டைப் போட்டு, பக்கத்திலேயே டைம் சிக்னேச்சரும் வேகமும் எழுதி, எடுப்பு தள்ளி இருந்தால் ரெஸ்ட்டோடு சமத்திலிருந்து எண்ண ஆரம்பியுங்கள்.